தெரியாது சான்றிதழ்

நாய் படுப்பதற்கு முன் ஏன் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் படுக்கிறது என்று காலையில் பல் தேய்க்கும்போது யோசித்தேன். வாய் கொப்பளிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. காட்டில் புல்லை மிதித்துப் படுக்கை செய்த முன்னோரின் பழக்கம், பாம்பு கிடக்கிறதா என்ற பயம், காற்று வரும் திசை என்று மூன்று காரணம், சதவீதத்தோடு. நான் கேட்கக்கூட இல்லை. பேஸ்ட் நுரையோடு முணுமுணுத்தேன், அவ்வளவுதான்.

என் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பொட்டின் வேலை அது. பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் எல்லோரும் அதை ஒட்டிக்கொள்ள வேண்டும். நாம் பேசுவதையும் நம்மைச் சுற்றிக் கேட்பதையும் அது வாங்கிக்கொள்ளும். அதன் வழியாகப் பதில் சொல்வது விடையகம். அது அரசாங்கம் வைத்த பெயர். நாங்கள் வைத்த பெயர் பெரியப்பா. கல்யாண வீட்டில் நாம் வாயைத் திறப்பதற்குள் "அது எனக்குத் தெரியும், நான் சொல்லுதேன் கேளு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் பெரியப்பா எல்லார் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. எங்களுக்கு நாட்டுக்கே ஒருவர் வாய்த்துவிட்டார்.

நான் செண்பகவல்லி. ஊர் கோவில்பட்டி. திருநெல்வேலியில் இயற்பியல் முதுகலை இரண்டாம் வருஷம் படிக்கிறேன். எனக்குச் சில கிறுக்குப் பொழுதுபோக்குகள் உண்டு. மழையில் நனைந்த குடையை மடக்கி மாட்டிவிட்டு, கடைசிச் சொட்டு எது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். இதுதான் கடைசி என்று நினைத்த பிறகு இன்னொன்று விழும். டவுன் பஸ் ஜன்னல் எந்த வேகத்தில் நடுங்கத் தொடங்குகிறது, எந்த வேகத்தில் திடீரென்று அடங்குகிறது என்று டிரைவரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து மனதில் குறித்துக்கொள்வேன். அம்மா இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஒன்ன எவன் கட்டுவான்" என்பாள். அந்தக் கேள்விக்கு மட்டும் பெரியப்பாவிடம் விடை கேட்டதில்லை. கேட்டால் பெயர், முகவரியோடு சொல்லிவிடும் என்று பயம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தப் பெரியப்பாவால் என் படிப்பே நாசமாகிக்கொண்டிருந்தது. ஆய்வு செய்ய வேண்டுமென்றால், எடுத்துக்கொண்ட கேள்விக்கு விடை இதுவரை தெரியாது என்று விடையகமே ஒரு சான்றிதழ் தர வேண்டும். தாசில்தார் ஆபீசில் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் வாங்குகிற மாதிரி இது தெரியாது சான்றிதழ். பிப்ரவரி முடிவதற்குள் அது கையில் இல்லாவிட்டால் என்னை ஒப்பீட்டுப் பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். அங்கே பெரியப்பா சொன்ன விடைகளைத் திரையில் பார்த்து, 'சரி' என்று அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். என் அறைத்தோழி ஜெபசெல்வி வேதியியல்காரி. அவளை ஏற்கெனவே தள்ளிவிட்டார்கள். தூக்கத்தில்கூட அவள் கட்டைவிரல் அசைகிறது.

என் வழிகாட்டி ஆவுடையப்பன் சார். வழிகாட்ட வேலை இல்லாததால் பெரும்பாலும் ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் அறையை ஒட்டியதுதான் பழைய ஆய்வுக்கூடம். இப்போது அதில் உடைந்த நாற்காலிகளைப் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். சாவி மட்டும் இன்னும் சாரின் சட்டைப் பையில் இருக்கிறது.

"இன்னைக்கு என்னம்மா கொண்டாந்திருக்க?" என்றார்.

"குடைச் சொட்டு சார்."

அவர் பொட்டைத் தொட்டார். இருவர் காதிலும் ஒரே நேரத்தில் வந்தது. தெரிந்ததே.

"பஸ் ஜன்னல் சார்."

தெரிந்ததே.

"பூரி ஏன் ஒரு பக்கம் மட்டும் மெலிசா உப்புதுன்னு?"

தெரிந்ததே, படத்தோடு விளக்க முடியும் என்றது. வேண்டாம் என்றார் சார்.

"தெரிஞ்சதாவே இருக்கட்டுமே சார். நம்ம கையால ஒரு தடவ செஞ்சு பாத்தா என்ன?"

"தெரிஞ்சத எதுக்குச் செய்யணும்னு கேப்பாவ. நான் கேக்கலம்மா, மேல உள்ளவங்க கேப்பாவ. போன வருஷம் ஒரு காந்தம் வேணும்னு எழுதிப் போட்டேன். எந்தக் கேள்விக்குன்னு கேட்டாவ, சொன்னேன். விடை இந்தா இருக்கு, காந்தம் தேவையில்லன்னு பதில் வந்துட்டு."

"அது தப்பாச் சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தாலும் யாருக்குத் தெரியும்? தப்புன்னு காட்ட செஞ்சு பாக்கணும். செஞ்சு பாக்க சான்றிதழ் வேணும். சான்றிதழ் வேணும்னா எனக்குத் தெரியாதுன்னு அதுவே வாயால சொல்லணும். பெரியப்பா தெரியாதுன்னு சொல்லி நீ கேட்டிருக்கியா?"

நான் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை. இருவரும் கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பார்த்தோம்.

என்னிடம் ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதை மட்டும் இரண்டு வருஷமாகப் பெரியப்பாவிடம் கேட்காமல், முணுமுணுக்கக்கூடச் செய்யாமல் பொத்தி வைத்திருந்தேன். கேட்டால் விடை வந்துவிடும், வந்துவிட்டால் எனக்கென்று ஒன்றும் இருக்காது.

அது தட்டைப் பற்றிய கேள்வி. எங்கள் பெண்கள் விடுதியின் சாப்பாட்டு ஹாலில் எல்லாம் எவர்சில்வர் தட்டு, தரை மொசைக். யார் கையிலிருந்தாவது தட்டு நழுவினால் அது விழுந்த உடனே அடங்காது. விளிம்பில் நின்று சுழலும். சாயச் சாய, சத்தம் நெருங்கி வரும். டங், டங், டங்டங், டடடட, ட்ர்ர்ர் என்று வேகம் ஏறிக்கொண்டே போய், உச்சத்தில் சட்டென்று நின்றுவிடும். அந்தச் சட்டென்றுதான் என் கேள்வி. ஓடிக் களைத்தவன் வேகம் குறைந்து குறைந்து நிற்கிறான். இது வேகம் கூடிக் கூடி நிற்கிறது. கடைசி நொடியில் அங்கே என்ன நடக்கிறது?

அந்தக் கடைசி நொடியை நான் ஒரு தடவைகூட ஒழுங்காகக் கேட்டதில்லை. விடுதியில் இருந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். தட்டு விழுந்தால் ஹாலில் இருக்கும் அத்தனை பேரும் "ஓ... ஓஓஓ..." என்று கத்துவார்கள். யார் தொடங்கிய வழக்கமோ, எல்லா விடுதியிலும் உண்டு. எங்கள் ஹாலில் முதல் குரல் எப்போதும் ஜெபசெல்வியுடையது. தேவாலயப் பாடகர் குழுவில் பாடிய தொண்டை. சோற்றை மென்றுகொண்டே தலையைத் தூக்கி ஒரு "ஓ" விடுவாள். பிறகு முந்நூறு பேரும் அதே சுருதியில் சேர்ந்துகொள்வார்கள். தட்டைப் போட்டவள் முகம் சிவந்து சிரிப்பாள். என் ஒலிப்பதிவில் டடடட வரைக்கும் தட்டு இருக்கும், அதற்கு மேல் ஜெபசெல்வி இருப்பாள்.

இரண்டு வருஷத்தில் நான் மட்டும் ஒரு தடவையும் கத்தியதில்லை. பழைய செல்போனைத் தட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு, எல்லாரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு நிற்பேன்.

"ஏட்டி செம்பா, தட்டு விழுந்தா கத்தணும். காது குடுத்துக் கேட்டுக்கிட்டு நிக்கப்படாது. ஒனக்கு வேற சோலியே இல்லையா?" என்பாள் ஜெபசெல்வி.

பொங்கல் நெருங்கியபோது எனக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. தட்டுக் கேள்வியைப் பெரியப்பாவிடம் கேட்டேன். மாடிப்படியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஊசி போட்டுக்கொள்வது மாதிரி கேட்டேன்.

"தெரிந்ததே," என்றது. "சுழற்சி உச்சமடைந்ததும், மிச்சமுள்ள ஆற்றல் தாழ்ந்த சுருதியில் ஒரு நீண்ட ஒலியாக வெளியேறுகிறது. அதன் பெயர் ஓய்வொலி. நம்பகம் தொண்ணூற்றேழு சதவீதம்."

அழுகை வந்தது. சான்றிதழ் கிடைக்காததற்கு அழவில்லை. எனக்கென்று இருந்த ஒன்றையும் எட்டிப் பறித்துக்கொண்டதே என்று அழுதேன். அழுது முடித்து மூக்கைச் சிந்தும்போதுதான் ஒன்று உறைத்தது. ஓய்வொலியா? தட்டு விழுகிற சத்தத்தை இந்த ஊரில் என்னைப் போல் கவனித்துக் கேட்டவள் யாரும் இல்லை. எனக்கு அப்படி ஒரு ஒலி இருக்கிறதென்றே தெரியாதே.

எல்லோரும் ஊருக்குப் போனபோது நான் மட்டும் விடுதியில் தங்கினேன். அம்மா போனில் வைத வசவை இங்கே எழுத முடியாது. பொட்டைப் பிய்த்து சோப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினேன், தட்டுச் சத்தம் முடிவதற்குள் அது குறுக்கே பேசும் என்பதால். பழைய செல்போனை எடுத்துக்கொண்டு காலியான சாப்பாட்டு ஹாலுக்குப் போனேன். சமையல்கார மாடத்தி அக்கா அண்டா கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ள, எல்லாரும் பொங்கலுக்குப் போய்ட்டாவ, நீ எதுக்குத் தட்டத் தூக்கிக்கிட்டு அலையுத?"

"கீழ போடணும்க்கா."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நசுங்காமப் போடு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டார்.

கை வலிக்கிற வரைக்கும் போட்டேன். ஒரு தடவையும் ஓய்வொலி இல்லை. ட்ர்ர்ர் என்று ஏறி, கத்தரித்த மாதிரி நின்றது. பிறகு மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அன்றைக்கு ஹாலில் தனியாக நின்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். பெரியப்பாவுக்கு ஒன்று தெரியவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்கிறது, ஊரில் உள்ள நிஜப் பெரியப்பாக்கள் மாதிரியே.

லீவு முடிந்து ஜெபசெல்வி பனங்கிழங்குக் கட்டோடு வந்து இறங்கினாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி, பொட்டைத் திரும்ப ஒட்டிக்கொண்டு, ஓய்வொலி எப்படி இருக்கும் என்று போட்டுக் காட்டும்படி கேட்டேன். அறையில் இருந்த ஸ்பீக்கரில் போட்டது.

ட்ர்ர்ர்... ஓ... ஓஓஓ...

ஜெபசெல்வி கையில் இருந்த கிழங்கைக் கீழே வைத்தாள். "ஏட்டி," என்றாள். "இது நான்லா."

"என்னட்டி சொல்லுத?"

"என் கொரலு எனக்குத் தெரியாதா? முன்னால கொஞ்சம் கரகரன்னு வருது பாரு, அன்னைக்கு எனக்கு ஜலதோஷம். பின்னால நம்ம பிள்ளைக எல்லாம் சேருதுக. இது தட்டு இல்லட்டி, நம்ம கூச்சலு."

விவரம் கேட்டோம். பெரியப்பா மரியாதையாகச் சொன்னது. ஓய்வொலி வீட்டுத் தட்டுகளில் இல்லை. கோயில் அன்னதானத் தட்டுகளில் இல்லை. விடுதித் தட்டுகளில் மட்டும் உண்டு. பெண்கள் விடுதித் தட்டுகளில் சுருதி உயர்ந்தும் ஆண்கள் விடுதித் தட்டுகளில் தாழ்ந்தும் இருக்கும். பரீட்சை சமயத்தில் குறையும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கறிச்சோறு போடும்போது கூடும். உலோகக் கலவையும் காற்றின் ஈரப்பதமும் காரணமாக இருக்கலாம்.

ஜெபசெல்வி கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். கடைசியாக நாங்கள் சேர்ந்து அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆவுடையப்பன் சாருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. "சட்டப்படி அது யாரோட பேச்சையும் சேத்து வைக்கக் கூடாதும்மா. வார்த்தை இருந்தா பேச்சு, அழிச்சிரும். நீங்க போடுத கூச்சல்ல வார்த்தை எங்க இருக்கு? வார்த்தை இல்லாததால அது பேச்சு இல்ல. பேச்சு இல்லாததால தட்டுக் கணக்குல சேத்துட்டு." சொல்லிக்கொண்டே எழுந்து நடந்தார். இத்தனை நாளில் அவர் அறைக்குள் நடந்து நான் பார்த்ததில்லை. "நீ எல்லாத்தையும் எழுதிக் கொண்டா. விதி என்னன்னா, அது சொன்னது தப்புன்னு சொல்லணும்னா மொதல்ல அதுகிட்டதான் சமர்ப்பிக்கணும். அது பாத்து ஒத்துக்கிட்டா பழைய விடை ரத்து. ரத்தாயிட்டுன்னா அந்தக் கேள்விக்கு விடை இல்லன்னு அர்த்தம். இல்லன்னா சான்றிதழ் தந்துதான ஆகணும்?"

நான் எழுதிக் கொடுத்த அன்றைக்கு ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்திருந்தது. உடைந்த நாற்காலிகளை எல்லாம் சார் வராந்தாவில் அடுக்கியிருந்தார். மேசையைத் துடைத்திருந்தார். தட்டு சுழல்வதற்கு என்று கடப்பாக் கல் ஒன்றை எங்கிருந்தோ ஆள் வைத்துத் தூக்கிவந்து நடுவில் போட்டிருந்தார். முழங்கை வரை தூசி. மனிதர் மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

அவரே அனுப்பினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்த மூச்சை விடுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"மிக்க நன்றி. முந்தைய விடையில் மாசு கலந்திருந்தது உண்மை. விடுதிக் கூச்சல் முழுவதும் நீக்கப்பட்டது. திருத்திய விடை: ஓய்வொலி என்று ஒன்று இல்லை. சத்தம் உச்சத்தில் திடீரென அறுபடும். கடைசி நொடியில் தட்டுக்கும் தரைக்கும் இடையே சிக்கிய காற்று நசுங்கி வெளியேறுவதும் விளிம்பின் உராய்வும் காரணம், கணக்கீடு இணைக்கப்பட்டுள்ளது. நம்பகம் தொண்ணூற்றொன்பது சதவீதம்."

"சான்றிதழ்?" என்றார் சார்.

"தாங்கள் கேட்ட கேள்விக்கு விடை தெரிந்ததே."

"எப்ப தெரிஞ்சுது?"

"இப்போது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கடப்பாக் கல்லை எடுத்து எதன் மேலாவது போட வேண்டும்போல் இருந்தது. எதன் மேல் போடுவது? பெரியப்பாவுக்கு மண்டை இல்லை. இரண்டு வருஷம் ஆசையாகப் பொத்தி வைத்ததை, ஊருக்குப் போகாமல் அம்மாவிடம் வசவு வாங்கிக் கண்டுபிடித்ததை, நான் செய்ய வைத்திருந்த கடைசிப் படி உட்பட அதுவே முடித்து எனக்கு நன்றியும் சொல்லிவிட்டது. இலவு காத்த கிளிக்குப் பஞ்சாவது கிடைத்தது.

சார் வராந்தாவுக்குப் போய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மறுபடி உள்ளே அடுக்கத் தொடங்கினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கல்லை மட்டும் இருவராலும் நகர்த்த முடியவில்லை, மனசும் இல்லை. அப்படியே விட்டுப் பூட்டினோம்.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த வாரம் எல்லா விடுதிகளுக்கும் சுற்றறிக்கை வந்தது. எங்கள் ஹால் வாசலிலும் ஒட்டினார்கள். பாத்திரங்கள் விழும்போது மாணவ மாணவியர் கூட்டாகக் கூச்சலிடுவதால் தரவு மாசுபடுவது கண்டறியப்பட்டுள்ளது, இனி அவ்வாறு கூச்சலிடுவோர் விடுதியிலிருந்து ஒரு வாரம் நீக்கப்படுவர். கீழே ஒரு வரி: 'இதைச் சுட்டிக்காட்டிய மாணவி செல்வி செண்பகவல்லிக்குப் பாராட்டுகள்.'

அன்றிலிருந்து ஹாலில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. ஜெபசெல்வியும் தட்டை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள். ராத்திரி அறையில் வாய் திறந்தாள்.

"நாள் பூரா சரி சரின்னு அமுக்குதேன். ஒரு நாளைக்கு ஒரு தடவ தட்டு விழும். அப்ப நான் ஒரு தடவ கத்துவேன். அது ஒண்ணுதாம்ட்டி எனக்கு இருந்துது. அதையும் எழுதிக் குடுத்துட்ட."

"நான் இதுக்காகவா எழுதிக் குடுத்தேன்?"

"நீ எதுக்கு எழுதிக் குடுத்தியோ அதுவும் கெடைக்கலல்லா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

பிப்ரவரி பாதி போயிற்று. ஒரு மதியம் முதலாம் வருஷத்துப் பிள்ளை ஒருத்தி தட்டை நழுவவிட்டாள். முந்நூறு பேர் இருந்த ஹாலில் ஒரு மூச்சுச் சத்தம் இல்லை. டங், டங், டங்டங், டடடட, ட்ர்ர்ர் என்று ஏறி, சட்டென்று நின்றது. இரண்டு வருஷமாக நான் ஏங்கிய ஒலி அது, முழுசாக, ஒரு மாசும் இல்லாமல். கேட்டேன். அவ்வளவு அசிங்கமான சத்தத்தை என் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்தப் பிள்ளை ஏதோ பெரிய குற்றம் செய்தவள் மாதிரி கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து சோற்றைப் பொறுக்கினாள். முன்பெல்லாம் இப்படி விழுந்தால் போட்டவள் சிரிப்பாள். கூட்டமாகக் கத்தினால் சிரிப்பு வருகிறது, கத்தாவிட்டால் அழுகை வருகிறது.

"முன்னால ஏன் கத்துனோம்?" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. "தட்டு விழுந்தா எல்லாரும் சேந்து எதுக்கு ஓன்னு கத்துனோம்?"

காதில் ஒரு சின்ன இடைவெளி. பெரியப்பாவிடம் நான் அதற்கு முன் இடைவெளியே கேட்டதில்லை.

"அப்படி ஒரு வழக்கம் குறித்துப் பதிவு எதுவும் இல்லை," என்றது. "தெரியாது."

கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். சார் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரசம் ஒழுகும் கையோடு நின்று சொன்னேன். அவர் நம்பவில்லை. தானே ஒரு தடவை கேட்டார். தெரியாது என்றது. இன்னொரு தடவை கேட்டார். தெரியாது.

"என் ரிப்போர்ட்லயே கூச்சலப் பத்தி இருக்கே சார். அது எப்படித் தெரியாதுங்குது?"

"மாசுன்னு தள்ளிட்டுல்லா. இந்த ஊரு மட்டுமில்ல, எல்லா விடுதிக் கூச்சலையும் மொத்தமாக் கூட்டி அள்ளிட்டு. குப்பைன்னு போட்டத அது திரும்பிப் பாக்காது. குப்பையில கேள்வி இருக்கும்னு அதுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல." அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். "நான் படிக்கும்போது நாங்களும் கத்தியிருக்கோம். ஏன்னு ஒரு நாளும் கேக்கல." பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, யாரும் இல்லை என்று தெரிந்ததும், மெதுவாக "ஓ" என்றார். "எங்க விடுதியில இந்தச் சுருதி."

விண்ணப்பித்தோம். சான்றிதழ் வந்தது. தெரியாது சான்றிதழ், எண் ஒன்று. எங்கள் பல்கலைக்கழகத்தில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை. சார் அதை இரண்டு கையாலும் பிடித்துப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் அவர் முகம் சுருங்கியது. வாங்கிப் பார்த்தேன். 'ஆய்வு மேற்கொள்ள அனுமதிக்கப்படுகிறது. நிபந்தனை: உணவுக்கூடத்தில் கூச்சல் தொடர்பான சுற்றறிக்கையை மீறாமல் நடத்தப்பட வேண்டும்.'

"கத்தாம எப்படிச் சார் கத்துறத ஆராய்ச்சி பண்ணுறது?"

"எழுதிக் கேக்கலாம்."

"கேட்டா?"

எழுதிக் கேட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கேட்பதற்கு நாம் விளக்க வேண்டும். விளக்கினால் அதற்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் தெரிந்ததே.

மறுநாள் மதியம் சான்றிதழை மடித்து சுடிதார் பைக்குள் வைத்துக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்குப் போனேன். ஹால் நிறைந்திருந்தது. வார்டன் தன் மேசையில் மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஜெபசெல்வி தூணுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். கழுவி அடுக்கிய தட்டுகளில் ஒன்றை எடுத்தேன். தலை உயரத்துக்குத் தூக்கி விட்டேன்.

டங், டங், டங்டங், டடடட, ட்ர்ர்ர். நின்றது. முந்நூறு முகங்களும் என்னைப் பார்த்தன. வார்டன் டம்ளரைக் கீழே வைத்தார்.

இரண்டு வருஷத்தில் நான் ஒரு தடவையும் கத்தியதில்லை என்று சொன்னேன் அல்லவா. அதனால் எனக்குப் பழக்கம் இல்லை. "ஓ" என்றேன். குரல் உடைந்து, பாதியில் கம்மிப் போயிற்று. ஒருவரும் சேரவில்லை. தனியாக நின்று ஒருத்தி கத்தினால் அது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு வாரம் வெளியே போக வேண்டியதுதான், அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

தூண் பக்கமிருந்து, தலையை நிமிர்த்தாமல், வாய் நிறையச் சோற்றோடு ஜெபசெல்வி "ஓ" என்றாள்.

அப்புறம் முதலாம் வருஷ மேசையிலிருந்து ஒன்று. அன்றைக்குத் தட்டை நழுவவிட்டாளே, அந்தப் பிள்ளை. பிறகு யார் யார் என்று எண்ண முடியவில்லை. சமையல்கட்டுக்குள்ளிருந்து மாடத்தி அக்காவின் குரல்கூடக் கேட்ட மாதிரி இருந்தது.

வார்டன் எழுந்து என்னை நோக்கி வந்தார். அந்தக் கூச்சலுக்கு நடுவில் பெரியப்பா என் காதில் ஏதோ சொன்னது. முதலில் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னது.

"இது என்ன ஒலி?"

பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டே இருந்த குரல், முதல் தடவையாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டது. எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட ஒரு நொடி ஆசையாகத்தான் இருந்தது. பையில் இருந்த சான்றிதழைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"தெரியாது," என்றேன்.

குனிந்து தட்டை எடுத்தேன். வார்டன் வந்து சேர்வதற்குள் இன்னொரு தடவை போட்டுப் பார்க்க நேரம் இருந்தது.